ஏறின கியரில் இறங்கு

இது கொஞ்சம் கிரீஸ் படிந்த பதிவு. பல்சக்கரம், ஷாஃப்ட், கிளட்ச் பிளேட் எல்லாம் நடுநடுவே வரும். "நமக்கும் டிராக்டருக்கும் என்ன சம்பந்தம்"னு மூடிட்டுப் போயிடாதீங்க. ஊரில் நிலம் இருக்கிறவங்க, வெளியூரில் உட்கார்ந்துகொண்டு ஊருக்குப் போன் போட்டு யோசனை சொல்றவங்க, எல்லாருக்கும் இதில் கொஞ்சம் சம்பந்தம் உண்டு. தப்பு பண்ணினது யாருன்னு கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நான்தான்.

2018-ம் வருஷம் நாங்கள் ஜலந்தரில் இருந்தோம். எனக்கு வால்வு தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை. மாடி போர்ஷனில் நாங்கள். கீழே வீட்டுக்காரரின் மகன், 19 வயசு, காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர் இத்தாலியில் ஒரு மாட்டுப்பண்ணையில் வேலை பார்த்தார். அவருடைய அப்பா, ஊரே பாபாஜி என்று கூப்பிடுகிற பெரியவர், ஹோஷியார்பூரைத் தாண்டி சிவாலிக் மலையடிவாரத்தில் ஒரு கிராமத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டியவர். காது கொஞ்சம் மந்தம். பையன் சனி, ஞாயிறு கிராமத்துக்குப் போய் வண்டி ஓட்டுவான்.

பஞ்சாப் என்றால் சப்பாத்திப் பலகை மாதிரி தட்டையான பூமி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 'கண்டி' என்று அவர்கள் சொல்லும் மலையடிவாரம் அப்படி இல்லை. மேடும் பள்ளமும்தான். நடுவில் 'சோ' என்று பெயர் கொண்ட காட்டாறுகள். மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் புரண்டு வரும், மற்ற மாதங்களில் வெறும் மணல். வண்டிப்பாதை ஒரு கரையிலிருந்து சரிந்து மணலில் இறங்கி, எதிர்க்கரையில் ஏறும்.

அந்த வீட்டு டிராக்டர் ஒரு மாஸி ஃபெர்குசன் 135. இந்தியாவில் செய்தது இல்லை, இங்கிலாந்திலிருந்து வந்தது. பாபாஜியின் அண்ணன் கோவென்ட்ரி நகரத்தில் ஒரு வார்ப்படச் சாலையில் வேலை பார்த்தவர். 1971-ல் தம்பிக்காக அனுப்பி வைத்தார். அந்த மாடல் 1964-ல் அறிமுகமாகி, கோவென்ட்ரியில் பேனர் லேன் என்ற இடத்துத் தொழிற்சாலையில் தயாரானது. பெர்க்கின்ஸ் 3 சிலிண்டர் டீசல் என்ஜின், சுமார் 45 குதிரைத் திறன். பேனர் லேன் தொழிற்சாலை 2000-களின் தொடக்கத்தில் மூடப்பட்டு விட்டது. அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் குடும்பத்தைப் பற்றித் தெரிந்த எல்லோருக்கும் அந்த டிராக்டரின் ஒரு விசித்திரமும் தெரியும். பேட்டரி இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. ஒருமுறை நானே பார்த்தேன். எட்டு பேர் தள்ளினார்கள், கியரில் போட்டு கிளட்சை விட்டான், வண்டி பாட்டுக்கு உருண்டது. என்ஜின் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. "இங்கிலீஷ்கார வண்டி, தள்ளினா கோவிச்சுக்கும்" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன் அந்த இடத்தில் சிரித்திருக்கக் கூடாது, யோசித்திருக்க வேண்டும்.

2018 ஜனவரி 14, ஞாயிற்றுக்கிழமை. நமக்குப் பொங்கல், அவர்களுக்கு லோஹ்ரிக்கு மறுநாள். தங்கமணி செய்த சர்க்கரைப் பொங்கலைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போனோம். மதியம் வெயிலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தபோது பையன் என்னை டிராக்டர் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். முன்பலகையில் ஒரு சின்ன நெம்புகோல், இரண்டு நிலை. ஹை, லோ.

"அங்கிள்ஜி, மரம் ஏத்திக்கிட்டு சோ-வில் இறங்கணும். இதை எதில் வச்சா நல்லது?"

நான் யோசிக்கவே இல்லை. ஊட்டி மலைப்பாதையிலும் கொல்லிமலையிலும் கார் ஓட்டியவனுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கு? ஏறின கியரில் இறங்கு என்பதுதானே நம்ம டிரைவர்கள் சொல்லிக் கொடுத்த பாலபாடம். "லோவில் போட்டுக்கோ. என்ஜினே வண்டியைப் பிடிச்சுக்கும், பிரேக்குக்கு வேலை குறையும்" என்றேன். ரொம்ப மரியாதையாகத் தலையாட்டினான். பாபாஜி பத்தடி தள்ளிக் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பேசியது அவர் காதில் விழவில்லை. அவரிடம் கேட்கலாம் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இன்ஜினியர் பக்கத்திலேயே இருக்கும்போது தாத்தாவைக் கேட்பானேன்?

செவ்வாய்க்கிழமை, நமக்குக் காணும் பொங்கல், சாயங்காலம் போன் வந்தது.

பாப்லர் மரம் ஏற்றிய டிராலி. அந்தப் பக்கத்து டிராலிகளுக்குத் தனியாக பிரேக் கிடையாது. பையன் சரிவில் இறங்கும்போது நான் சொன்னபடியே லோவில் போட்டிருக்கிறான். வண்டி நிதானமாகவதற்குப் பதில் விட்டு ஓட ஆரம்பித்தது. என்ஜின் சத்தம் குறைகிறது, வண்டி வேகம் கூடுகிறது. பயத்தில் கிளட்சையும் சேர்த்து மிதித்தான். பிரேக்கை மிதித்தபோது பின்னாலிருந்து டிராலி தள்ளி, டிராக்டரை ஒரு பக்கமாக மடக்கப் பார்த்தது. கடைசியில் மணலில் இறக்கிவிட்டான். டிராலி சாய்ந்தது, மரம் சிதறியது, பையன் தூக்கி எறியப்பட்டான். தோள்பட்டை எலும்பு முறிவு. சக்கரத்தின் பக்கம் விழாமல் மறுபக்கம் விழுந்ததால் இன்றைக்கும் இருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் அவன் என்னைப் பார்த்ததும் சொன்னது: "அங்கிள்ஜி, நீங்க சொன்ன மாதிரி லோவில்தான் போட்டேன்." குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டோமோ என்ற குரல். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

அன்று ராத்திரி அந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டைத் தேடி எடுத்து, படங்களோடு உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் புரிந்துவிட்டது. பத்து நிமிஷம்தான். அதை ஞாயிற்றுக்கிழமை செலவழித்திருந்தால் அந்தப் பையன் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்க மாட்டான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த நெம்புகோலின் பெயர் மல்டி-பவர். அந்தக் கம்பெனி 1962 வாக்கில் கொண்டு வந்த துணை கியர் ஏற்பாடு. சாதாரண கியர்பாக்ஸில் முன்னால் போக 6 கியர், பின்னால் வர 2. அதற்கு முன்னால் இன்னொரு இரட்டை வேக ஏற்பாட்டைச் சேர்த்தால் முன்னால் 12, பின்னால் 4 என்று ஆகிவிடும். ஹையில் போட்டால் அதே கியரில் சுமார் 30 சதவீதம் கூடுதல் வேகம். முக்கியமான வசதி, கிளட்சை மிதிக்காமல், வண்டியை நிறுத்தாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். உழும்போது நடுவில் இறுகின மண் வந்தால் நெம்புகோலைத் தட்டினால் போதும், வேகம் குறைந்து இழுவை கூடும். அந்த இடம் தாண்டியதும் மறுபடி தட்டினால் பழைய வேகம். பி.டி.ஓ. வேகமும் மாறாது. அந்தக் காலத்துக்கு அது பெரிய சொகுசு.

உள்ளே எப்படி வேலை செய்கிறது? என்ஜினிலிருந்து வரும் ஷாஃப்டுக்கும் கியர்பாக்ஸின் கீழ் ஷாஃப்டுக்கும் நடுவில் இரண்டு ஜோடி பல்சக்கரங்கள், இரண்டும் எப்போதும் கோத்துக்கொண்டே இருக்கும். வேக ஜோடியை இணைப்பது ஒரு பல பிளேட் கிளட்ச். அதை அழுத்திப் பிடிப்பது எண்ணெய் அழுத்தம். அதற்கென்று தனி பம்ப் உண்டு. மெதுவான ஜோடியை இணைப்பது எண்ணெயும் இல்லை, கிளட்சும் இல்லை. ஸ்பிரிங் வைத்த ஒருவழிப் பல்.

ஒருவழிப் பல் என்றால் வேறொன்றும் இல்லை, நம்ம சைக்கிளின் ஃப்ரீவீல்தான். பெடலை மிதித்தால் சக்கரம் சுற்றும். ஆனால் சக்கரம் சுற்றினால் பெடல் சுற்றாது. இறக்கத்தில் காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தால் டிக் டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டு சைக்கிள் பாட்டுக்குப் போகுமே, அதேதான். ஹையில் போட்டால் கீழ் ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும், ஒருவழிப் பல் வழுக்கிக்கொண்டு சும்மா இருக்கும். எண்ணெய் அழுத்தத்தை விட்டால் ஷாஃப்ட் மெதுவாகி, பல் போய்க் கடித்துக்கொள்ளும். அதனால்தான் கிளட்ச் மிதிக்காமலே மாற்ற முடிகிறது. ரொம்ப அழகான யோசனை, அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த அழகுக்கு ஒரு விலை உண்டு. லோவில் இருக்கும்போது என்ஜின் சக்கரத்தை இழுக்கலாம், சக்கரத்தால் என்ஜினைச் சுற்ற முடியாது. அப்படியென்றால் இறக்கத்தில் என்ஜின் வண்டியைப் பிடிக்காது. எட்டு பேர் தள்ளியும் என்ஜின் சுற்றாததற்கும் காரணம் இதுவேதான். என்ஜின் ஓடாதபோது எண்ணெய் அழுத்தம் இல்லை, ஆகவே வண்டி தானாகவே லோவில் இருக்கும். முன் கியரில் போட்டு நிறுத்திவிட்டு வந்தாலும் சரிவில் முன்பக்கமாக உருண்டு போய்விடும், ஹாண்ட்பிரேக்தான் கதி. இறங்கும்போது ஹையில்தான் இருக்க வேண்டும் என்பது அந்த வண்டியின் சட்டம். கோளாறு இல்லை, அமைப்பே அப்படி. ஓட்டுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். காரில் லோ என்றால் பிடிமானம், இந்த வண்டியில் லோ என்றால் சைக்கிள். ஒரே வார்த்தை, நேர் எதிர் அர்த்தம்.

இது இந்த ஒரு வண்டியோடு போகவில்லை. அமெரிக்காவில் 1954-ல் ஃபார்மால் சூப்பர் எம்-டிஏ என்ற டிராக்டரில் வந்த 'டார்க் ஆம்ப்ளிஃபயர்' ஏற்பாட்டிலும் இதே மாதிரி ஒருவழிப் பிடிப்புதான். அதையும் மெதுவான நிலையில் வைத்து இறக்கத்தில் இறங்கக் கூடாது.

மறு வாரம் மிஸ்திரியைக் கூட்டிக்கொண்டு கிராமத்துக்குப் போனேன். முதலில் பிரிக்காமலே பார்க்கக் கூடியதைப் பார்த்தோம். எண்ணெய் மட்டம், எண்ணெய் வடிகட்டி, நெம்புகோலிலிருந்து வால்வுக்குப் போகும் இணைப்பு. பல வண்டிகளில் இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும், யாரும் அவசரப்பட்டுப் பிரித்துவிட வேண்டாம். எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கேஜ் மாட்டிப் பார்த்ததில் அழுத்தம் ஏறவே இல்லை. எண்ணெய் சூடானதும் இன்னும் இறங்கியது. விசாரித்தால், இரண்டு மூன்று வருஷமாகவே ஹையில் போட்டு பாரம் இழுத்தால் வழுக்குகிறது என்று தெரிந்தது. அதனால் எல்லோரும் லோவிலேயே ஓட்டிப் பழகிவிட்டார்கள். அன்று ஹையில் போட்டிருந்தாலும் முழுசாகப் பிடித்திருக்குமா என்பது சந்தேகம்தான். இதைச் சொல்லி என்னைத் தேற்றினார் மிஸ்திரி. நான் தேறவில்லை.

இந்த வண்டிக்குத் தனியாகச் சட்டம் கிடையாது. என்ஜின், கியர்பாக்ஸ், பின் அச்சு மூன்றும் ஒன்றோடு ஒன்று போல்ட் போட்டு, அவையே முதுகெலும்பு. கியர்பாக்ஸைத் தொட வேண்டுமானால் வண்டியை இரண்டு இடத்தில் பிளக்க வேண்டும். மிஸ்திரி முதலில் செய்த வேலை, முன் அச்சுக்கும் அதன் தாங்கிக்கும் நடுவில் இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்தது. முன் அச்சு நடுவில் ஒரே முளையில் ஆடுகிற மாதிரி இருக்கும். ஆப்பு அடிக்காமல் பிளந்தால் என்ஜின் பக்கவாட்டில் கவிழ்ந்து, அடியில் இருக்கிறவர் மேல் விழும். அடுத்து எண்ணெய். கியருக்கும், பின் அச்சுக்கும், ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய், ஏறக்குறைய 30 லிட்டர். டின் டின்னாகப் பிடித்தோம். கறுப்பாக, கருகின வாசனையோடு வந்தது.

உள்ளே பார்த்தால் கிளட்ச் பிளேட்டுகளின் உராய்வுப் பூச்சு போயே போய்விட்டது. இரும்புப் பிளேட்டுகள் சூட்டில் நீலம் பாரித்துக் கிடந்தன. சீல் வளையங்கள் விறைத்து, தொட்டால் உடைந்தன. அந்த ஒருவழிப் பல் மட்டும் புதுசு மாதிரி இருந்தது! எல்லாம் தேய்ந்தும், ஓட விடுகிற வேலையை மட்டும் அது ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

இப்போது என்ன செய்வது? மூன்று வழி இருந்தது. இதே நிலைமையில் யாராவது இருந்தால் உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

ஒன்று, முழுசாகப் பழுது பார்ப்பது. பிளேட்டுகள், சீல்கள், பம்ப் எல்லாம் புதுசு. இங்கிலாந்தில் பழைய டிராக்டர் உதிரி பாகம் விற்கிற கடைகளில் இன்னமும் கிடைக்கின்றன. வரவழைக்கும் செலவு, சுங்க வரி, கூலி எல்லாம் சேர்த்தால் ஒரு நல்ல முர்ரா எருமை விலை ஆகும் என்றார் மிஸ்திரி. தட்டை நிலம், உழவு வேலை, அமைப்பைப் புரிந்துகொண்டு ஓட்டும் ஒரே கை என்றால் இதுதான் சரியான வழி. வண்டி உண்டான மாதிரியே இருக்கும். ஆனால் பழுது பார்த்த பிறகும் லோ என்பது சைக்கிள்தான். அது மாறாது.

இரண்டு, கிளட்சை நிரந்தரமாகப் பூட்டி, எப்போதும் ஹையிலேயே இருக்கும்படி செய்வது. சில இடங்களில் வெல்டிங் வைத்தே பூட்டிவிடுகிறார்கள். செலவு குறைவு. இறக்கத்தில் என்ஜின் பிடிக்கும். ஆனால் எல்லா கியரும் வேகக் கணக்கிலேயே நிற்கும், மெதுவாக ஊர்ந்து செய்கிற ரோட்டாவேட்டர் மாதிரி வேலைக்குச் சிரமம். கடினப்படுத்திய எஃகில் வெல்டிங் வைத்தால் அதன் பக்கத்தில் நொறுங்கும் தன்மை வந்துவிடும் என்பது என் பயம். விரிசல் விட்டால் கியர்பாக்ஸுக்குள்ளேயே இரும்புத் துண்டுகள் சுற்றும்.

மூன்று, மல்டி-பவரையே எடுத்துவிட்டு, அது இல்லாத சாதா கியர்பாக்ஸைப் போடுவது. நம்ம சென்னையில் 1960-ல் தொடங்கின டாஃபே, அதே கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து செம்பியத்தில் டிராக்டர் செய்தது. அந்தக் குடும்பத்து வண்டிகளின் உதிரி பாகங்கள் இந்தியா முழுக்கக் கிடைக்கும், பஞ்சாபிலும் கிடைக்கும். ஆனால் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்று வாங்கிவிடக் கூடாது. கியர்பாக்ஸின் நீளம், போல்ட் ஓட்டைகள், கிளட்ச் ஷாஃப்டின் பல் எண்ணிக்கை, பி.டி.ஓ. ஷாஃப்ட் சேரும் இடம் எல்லாவற்றையும் அளந்து பார்க்க வேண்டும். மல்டி-பவருக்கான தனி பம்புக்கும் குழாய்களுக்கும் வேலை இருக்காது. அவற்றை எடுத்துவிட்டு, எண்ணெய் வழிகளை ஒழுங்காக அடைக்க வேண்டும். 12 கியர் 6 ஆகிவிடும், ஓடும்போதே மாற்றும் சொகுசு போய்விடும். ஆனால் எந்தக் கியரில் போட்டாலும் என்ஜினும் சக்கரமும் கைகோத்தே இருக்கும். தெரிந்தவன் ஓட்டினாலும் தெரியாதவன் ஓட்டினாலும்.

இத்தாலியிலிருந்து வீட்டுக்காரர் போனில், "காயலான் கடைக்குப் போட்டுடுங்க, புது வண்டி வாங்கப் பணம் அனுப்பறேன்" என்றார். பையன் கட்டுப் போட்ட கையோடு, மூன்றாவது வழிதான் என்றான். நான் என்ன சொல்வது? ஒருமுறை யோசனை சொல்லி ஆனது போதாதா? மூன்று வழியையும் அதனதன் நல்லது கெட்டதோடு சொல்லிவிட்டு, "பாபாஜி முடிவு பண்ணட்டும்" என்றேன். இந்தத் தடவை அவர் கட்டிலிலேயே, காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என்னுடைய ஓட்டை பஞ்சாபியில் உரக்கச் சொன்னேன். சைக்கிள் உதாரணத்தையும் சொன்னேன்.

பெரியவர் முழுசாகக் கேட்டார். பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டு வந்தார். அதில் ஆங்கிலத்தில் அச்சடித்த ஓட்டுநர் கையேடு, ஓரமெல்லாம் எலி கடித்தது. அதற்குள் ஒரு ஏர்மெயில் கடிதம், குர்முகி எழுத்தில். அண்ணன் 1971-ல் வண்டியோடு அனுப்பியது. மிஸ்திரி வாசித்தார், எனக்கு அர்த்தம் சொன்னார். நலம் விசாரிப்பு, அம்மா உடம்பு, வண்டி வந்து சேரும் விவரம். பிறகு அடிக்கோடு போட்டு ஒரு விஷயம். சோ-வில் இறங்கும்போது இந்த நெம்புகோல் லோவில் இருக்கக் கூடாது, ஹைக்குத் தள்ளிவிட்டுத்தான் இறங்க வேண்டும், இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வை.

யாரும் ஒன்றும் பேசவில்லை.

"எனக்குத் தெரியும் புத்தர்" என்றார் பாபாஜி, பையனைப் பார்த்து. "நாற்பத்தி ஏழு வருஷமாத் தெரியும். உன் அப்பனுக்கும் சொல்லியிருக்கேன். நீ என்னைக் கேட்கலை. நானும் உனக்குச் சொல்லலை."

என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

சரியான பதில் ஞாயிற்றுக்கிழமை மதியம் பத்தடி தூரத்தில் வெயில் காய்ந்துகொண்டு இருந்தது. கோவென்ட்ரியில் இரும்பு உருக்கிக்கொண்டிருந்த ஒரு மனுஷன், இங்கே இருக்கிற சரிவை நினைவில் வைத்து, வண்டியை விசாரித்துத் தெரிந்துகொண்டு, கவனமாக எழுதி அனுப்பியது. அவரும் தூரத்திலிருந்து யோசனை சொன்னவர்தான். ஆனால் இரண்டையும் தெரிந்துகொண்டு சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டு, வண்டியையும் பார்க்காமல் சரிவையும் பார்க்காமல், ஊட்டி ரோட்டை நினைத்துக்கொண்டு சொன்னேன். படிப்பு என் பக்கம் இருந்தது, அதனால் பையன் நம்பினான்.

கடைசியில் பாபாஜி மூன்றாவது வழியைத்தான் சொன்னார். அண்ணன் ஞாபகமாக அதை அப்படியே வைத்துக்கொள்வார் என்று நினைத்திருந்தேன். "அண்ணன் குடுத்தது வண்டி. இந்தப் பெட்டி மட்டும் இல்லை. பிள்ளைங்க பத்திரமா இருக்கணும்னுதானே அடிக்கோடு போட்டான்" என்றார். அவ்வளவுதான், விவாதம் முடிந்தது.

பொருத்தமான பழைய கியர்பாக்ஸ் ஒன்று லூதியானாவில் கிடைத்தது. அளவெல்லாம் பார்த்து, பேரிங்கும் சீலும் புதுசாகப் போட்டு, மூன்று நாளில் வண்டியைச் சேர்த்தார் மிஸ்திரி. செலவில் பாதியை நான் கொடுக்கிறேன் என்றேன். பாபாஜி கோபித்துக்கொண்டார். புது எண்ணெய் மட்டும் என் கணக்கு என்று கெஞ்சி வாங்கி ஊற்றினேன். டிராக்டரின் இரண்டு பிரேக் பெடலையும் ரோட்டில் சேர்த்துப் பூட்ட ஒரு கொக்கி உண்டு, அது உடைந்து கிடந்தது. அதையும் புதுசாக அடித்துப் போட்டோம். பார டிராலிக்கு பிரேக் வைக்கவும் ஏற்பாடு செய்தோம்.

முதல் ஓட்டம் பாபாஜிதான் ஓட்டுவேன் என்றார். காலி டிராலியோடு அதே சரிவில் இரண்டாவது கியரில் இறங்கினார். என்ஜின் உறுமிக்கொண்டு வண்டியைப் பிடித்து, பிரேக்கைத் தொடாமலே மணலுக்கு வந்து நின்றது. பையன் பின்னாலேயே நடந்து வந்தான். முன்பலகையில் அந்த நெம்புகோலை மட்டும் எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார், எதோடும் சேராமல் அது அங்கேயே இருக்கிறது. சரிவுக்கு முன்னால் அவர் கை தானாகப் போய் அதை ஹைக்குத் தள்ளியதைப் பார்த்தேன்.

பழைய வண்டி ஓடுகிற வீடுகளில் இருக்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் இறக்குமதியான பழைய டிராக்டர் ஏதாவது இருந்து, அதில் கிளட்ச் மிதிக்காமல் மாற்றுகிற ஹை-லோ ஏற்பாடு இருந்தால், இன்றைக்கே போன் போட்டு விசாரியுங்கள். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது என்று யாராவது சொல்கிறார்களா என்று கேளுங்கள். ஆமாம் என்றால், ஓட்டுகிற எல்லோரிடமும் சொல்லுங்கள், லோவில் இறக்கத்தில் இறங்கக் கூடாது. ஹை வழுக்குகிறது என்றால் சரி பண்ணும்வரை சரிவுப் பக்கமே போக வேண்டாம்.

போன் போடும்போது, முதலில் வீட்டில் இருக்கிற பெரியவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்ததைக் கேட்டுவிட்டு, அப்புறம் நம்ம யோசனையைச் சொல்லலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். "எல்லாத்துக்கும் உடனே பதில் சொல்ற மனுஷன் இப்பல்லாம் 'பார்த்துட்டுச் சொல்றேன்'கறார்"னு தங்கமணி எங்க அம்மாகிட்ட போனில் சொன்னதாகக் கேள்வி. :-)

பையன் இப்போது இத்தாலியில் அப்பாவோடு இருக்கிறான். பொங்கலுக்கும் லோஹ்ரிக்கும் மறக்காமல் கூப்பிடுவான். தோள் குளிர்காலத்தில் இன்னும் வலிக்கிறதாம்.